காசும் நீங்கள் கொடுத்து, உரிமையும் நீங்கள் கொடுப்பதா?

சொந்தச் செலவில் புத்தகம் போடுவது தமிழில் புதுப் பழக்கம் அல்ல. பணி ஓய்வில் வந்த தொகையில் கவிதைத் தொகுப்பு கொண்டுவந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. புதிதாக வந்திருப்பவை ‘தொகுப்புத் திட்டங்கள்’. ஒரு தொகையைக் கட்டினால் போதும். வடிவமைப்பு, அட்டை, ஐ.எஸ்.பி.என்., மின்நூல், புத்தகக் காட்சியில் வெளியீடு எல்லாம் எங்கள் பொறுப்பு என்கிறார்கள். நாணயமாகத் தொழில் செய்பவர்களும் இவர்களில் இருக்கிறார்கள். ஆனால், கட்டணப் பட்டியலைத் துருவித் துருவிப் படிக்கும் எழுத்தாளர், ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவருக்கு எழுதியபோதே உரிமை வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை, 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொண்டால் பின்னால் வழக்கு வரும்போது சான்றாக நிற்கும். அந்த உரிமை வாழ்நாள் முழுவதும், அதன்பின் வாரிசுகளுக்கு 60 ஆண்டுகளும் நீடிக்கும்.

வழக்கமான பதிப்பகம் தன் பணத்தைப் போட்டு அச்சிடுகிறது. அதற்காக வெளியிடும் உரிமையைக் கேட்கிறது, ராயல்டி தருகிறது. அது நியாயம். அச்சுச் செலவை நீங்களே கொடுக்கும் இடத்தில் உரிமையையும் எதற்காக எழுதிக் கொடுக்க வேண்டும்? ‘எல்லா வடிவங்களிலும், எல்லா மொழிகளிலும், உலகம் முழுவதும்’ என்று ஒரு வரி இருந்தால் பேனாவை மூடிவிடுங்கள். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்படம் எல்லாம் அந்த ஒரே வரியில் போய்விடும். இந்தப் பதிப்பை மட்டும், இத்தனை ஆண்டுகளுக்கு, பிறருக்கும் கொடுக்கும் உரிமையை உங்களிடமே வைத்துக்கொண்டு, அச்சிட்டு விற்க அனுமதித்தால் போதும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் கைவிடப்பட்டவர்கள் அல்ல. சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் 5 ஆண்டுகள்தான். எல்லை குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அது காலாவதியாகிவிடும். உரிமையை முழுசாக விற்றுவிட்டவரின் பெயரைக்கூட நீக்க முடியாது. படைப்பைச் சிதைத்தால் அவர் தடுக்கலாம். இது 57ஆம் பிரிவு.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்களா? இந்தியாவில் அந்த எண் இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமையிடம் எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அச்சுப் புத்தகத்துக்கு ஓர் எண், மின்நூலுக்கு வேறோர் எண். எண் யார் பெயரில் இருக்கிறதோ, பதிவேட்டில் அவர்தான் பதிப்பாளர். அது பதிப்புரிமைக்குச் சான்று ஆகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பலரும் ஏமாறும் இடம் கோப்பு. அச்சுக்குப் போன பி.டி.எஃப். ஒன்றைக் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். இரண்டாம் பதிப்பில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தக்கூட அவர்களிடமே போய் நிற்க வேண்டும். மூலக் கோப்பு, அட்டைக் கோப்பு, ஒருங்குறியில் (யூனிகோடில்) முழு உரை ஆகிய மூன்றும் உங்களுக்கு வந்து சேர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஒருங்குறி என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் டி.டி.பி. நிலையங்களில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தவை. தாளில் அழகாகத்தான் இருக்கும். மின்நூலாக்கினால் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். மாற்றி மென்பொருளில் போட்டு எடுத்தாலும் கசடு நிற்கும்: ‘ஔவை’ என்பது ‘ஒ’, ‘ள’, ‘வை’ என்று மூன்று எழுத்தாகியிருக்கும், துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ இருக்கும். கண் இதைக் கண்டுபிடிக்காது. தேடினால் சொல் அகப்படாது, பார்வையற்றவரின் திரை வாசிப்பான் தப்பாகப் படிக்கும். உரைக் கோப்பிலிருந்து ஒரு பத்தியை வாட்ஸப்பில் ஒட்டி, கைப்பேசியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்; குட்டு வெளிப்பட்டுவிடும்.

எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. அச்சுக்கு வாங்கியதை மின்நூலுக்குள் பொதிக்க அனுமதி இல்லாமல் இருக்கலாம். நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை போன்ற திறந்த உரிம எழுத்துருக்களில் இந்தத் தொல்லை இல்லை. கூகுளில் எடுத்த படத்தை அட்டையில் போட்டால் நாளை கடிதம் உங்களுக்குத்தான் வரும். ஓவியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அவர் பெயரையும் போடுங்கள்.

அச்சில் ஒரு பாரம், அதாவது 16 பக்கம், மிச்சம் பிடிக்க எழுத்தைச் சுருக்குவது நடக்கிறது. டெமி அளவுப் புத்தகத்தில் 11 புள்ளிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். உள் ஓரம் குறுகலாக இருந்தால் வரியின் நுனி தையலுக்குள் போய்விடும். மொத்தமும் ஓடுவதற்கு முன் கட்டிய மாதிரிப் பிரதி ஒன்று கேளுங்கள். ‘நூலக ஆணை நிச்சயம், அரசு நூலகங்கள் வாங்கிக்கொள்ளும்’ என்று வாக்களிப்பவரிடம் அதையும் எழுத்தில் கேளுங்கள். கொடுக்க மாட்டார்.

மின்நூல் விற்பனைக் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் வங்கிக் கணக்கோடு இருக்க வேண்டும். கிண்டிலில் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அதன் கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்நூலை வேறெங்கும் விற்க முடியாது. தடுக்காவிட்டால் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அச்சுப் புத்தகத்தை இது கட்டுப்படுத்தாது.

டெலிகிராமில் உங்கள் நூலின் பி.டி.எஃப். சுற்றுகிறதா? திரைப்பதிவும் இணைப்பு முகவரியும் எடுத்துவைத்துக்கொண்டு அத்தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். பாடநூல் எழுதிய ஓர் ஆசிரியர் தொடுத்த வழக்கில், திருட்டுப் பிரதி பரப்பியவர்களின் விவரத்தைத் தரும்படி டெலிகிராமுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டது. பதிப்புரிமை மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. இழப்பீட்டு வழக்கை நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

பணத்தை வாங்கிக்கொண்டு புத்தகம் தராதவர், சொன்ன தாளில் அச்சிடாதவர் ஆகியோர் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ‘இது வணிக நோக்கம்’ என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். அதனால் ரசீது, ஒப்பந்தம், வாட்ஸப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது.