ஆர்வலர் யார்? கற்றுக்குட்டி யார்?

1935 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், மைசூர் நகரிலுள்ள ஓர் இல்லத்திலிருந்து வானொலி ஒலிபரப்பு ஒன்று தொடங்கிற்று. அதனை நிறுவியவர் பொறியியல் வல்லுநர் அல்லர். மகாராஜா கல்லூரியில் உளவியல் கற்பித்த பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி ஆவார். அவருடைய கருவியின் ஆற்றல் 30 வாட். அதாவது, பழைய 40 வாட் மின்குமிழின் ஆற்றலினும் குறைவு. அந்நிலையத்திற்கு 'ஆகாசவாணி' என்னும் பெயர் வழங்கிற்று. புராணங்களில் இச்சொல், உருவமின்றி வானில் எழும் அசரீரியைக் குறிக்கும். தனியார் ஒருவரின் நிலையம் ஏற்ற அப்பெயரையே பின்னர் இந்திய வானொலித்துறையும் ஏற்றது. 2023 ஆம் ஆண்டில், ஆங்கில ஒலிபரப்புகளிலும் அப்பெயரே வழங்குதல் வேண்டுமெனப் பிரசார் பாரதி பணித்தது.

இத்தகைய முயற்சியாளரை எச்சொல்லால் குறிப்பது? ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என்பர். இதன் வேர், 'நேசிப்பவன்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல். கலையையோ கல்வியையோ நேசித்து, ஊதியம் கருதாது ஈடுபடுபவரை அது முதலில் குறித்தது. தொழில்முறைப் பயிற்சியும் பட்டமும் பெருகிய பின்னர், 'திறமையற்றவர்' என்னும் இழிபொருளும் அதனுடன் ஒட்டிக்கொண்டது. 'டிலெட்டாண்ட்' என்னும் இத்தாலியச் சொல்லின் வரலாறும் இவ்வாறே. இன்பம் நுகர்பவர் என்னும் பொருள் தேய்ந்து, மேலோட்டமாகக் கற்பவர் என்றாயிற்று.

சில சொற்கள் எதிர்த்திசையிலும் செல்வதுண்டு. தந்தி அலுவலர் தம்முள் திறமை குன்றியவரை 'ஹாம்' என எள்ளி நகையாடினர். இன்றோ வானொலி ஆர்வலர் அதனையே தம் பெயராகப் பெருமையுடன் தாங்குகின்றனர். நம் நாட்டில் அவ்வுரிமம் பெற விரும்புவோர் தேர்வு எழுதித் தேர்ச்சி பெறுதல் வேண்டும். சர்வதேச வானொலி விதிகளும், பண நோக்கமின்றித் தம் சொந்த ஆர்வத்தால் ஈடுபடும் உரிமம் பெற்றோரையே 'அமெச்சூர்' என வரையறுக்கின்றன. திறமைக் குறைவு என்பதற்கு அவ்வரையறையில் இடமில்லை.

தமிழிலோ இவ்விரு பொருளுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. அரைகுறையாகக் கற்றவரைக் கற்றுக்குட்டி என்கிறோம். பேச்சுவழக்கில் அது 'கத்துக்குட்டி' ஆயிற்று. எதிலும் ஆழாதவரை நுனிப்புல் மேய்பவர் என்கிறோம். விரும்பிப் பணியாற்றுபவரோ ஆர்வலர். எனினும், நாடக மேடையில் 'அமெச்சூர்' என்னும் சொல் மதிப்புடனேயே வழங்கிற்று. பம்மல் சம்பந்த முதலியார் 1891 ஆம் ஆண்டில் சென்னையில் தோற்றுவித்த சுகுண விலாச சபையில் கற்றோர் பலர் ஊதியமின்றி நடித்தனர். நடித்துப் பிழைத்தோரைச் சமூகம் இகழ்ந்த அக்காலத்தில், ஊதியம் பெறாமையே உயர்வாகக் கருதப்பட்டது. ஆகவே, இச்சொற்களின் ஏற்றமும் இறக்கமும் பணியின் தரத்தைவிடச் சமூகத்தின் மதிப்பீட்டையே பெரிதும் காட்டுகின்றன எனலாம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் நாள்தோறும் மழையளவைக் குறித்து வருகிறார் எனக் கொள்வோம். அவரைக் கற்றுக்குட்டி என ஒதுக்கினால், அவ்வூரின் பல்லாண்டு மழைக்கணக்கு வீணாகிவிடும். ஆர்வலர் என்பதற்காகவே அனைத்தையும் ஆராயாது ஏற்பினும் பிழை புகும். பறவைகளின் வருகை, பயிர்நோய், கல்வெட்டு ஆகியவற்றைப் பற்றிய குறிப்புகளுக்கும் இது பொருந்தும்.

எனவே குறித்தவரின் பட்டத்தை வினவுமுன் குறிப்பையே வினவுதல் நன்று. நாளும் இடமும் உள்ளனவா? அளந்த கருவியும் முறையும் கூறப்பட்டுள்ளனவா? கண்டதும் ஊகித்ததும் வேறு வேறாக எழுதப்பட்டுள்ளனவா? அளக்கத் தவறிய நாள் சுழியமாக அன்றி வெற்றிடமாக விடப்பட்டுள்ளதா? ஐயமுள்ள இடம் ஐயமென்றே காட்டப்பட்டுள்ளதா? இவற்றிற்கு விடை கிடைப்பின், அக்குறிப்பு யாருடையதாயினும் விஞ்ஞானத்திற்குப் பயன்படும். விடை கிடையாதெனின், ஊதியம் பெறும் வல்லுநரின் குறிப்பும் நுனிப்புல் மேய்ந்ததேயாகும்.

மாணவர்க்கும் களப்பணித் துணைவர்க்கும் முதலில் பயிற்றத்தக்கது இவ்வழக்கமே. மைசூர்ப் பேராசிரியரின் கருவி சிறியது. அதன் பின்னிருந்த முயற்சியோ சிறியதன்று.