பாட்டுக்கு எத்தனை ஃபிரேம்?

‘காதலன்’ (1994) பாட்டுகளுக்குக் கை தட்டிய நாம், படத்தொகுப்பாளர்களை நினைத்ததுண்டா? லெனின், வி.டி. விஜயன் இருவருக்கும் தேசிய விருது வாங்கித் தந்த படம் அது. (லெனின், ‘பா’ வரிசைப் படங்கள் தந்த பீம்சிங்கின் மகன்.)

அந்தக் கலையை ஜீவனஹள்ளியில் என் பேத்தி இப்போது படிக்கிறாள். “தாத்தா, போகப் போக ஆட்டம் பாட்டை முந்துது” என்றாள். கணக்குப் பார்த்தேன். வீடியோவில் வினாடிக்கு 25 ஃபிரேம். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால், தட்டுக்கு 12½. அரை ஃபிரேமை வெட்ட முடியாதே! இவள் 12 வைத்திருந்தாள். 50 தட்டில் ஒரு வினாடி போயிற்று.

ரயில் பாதையில் எல்லா அளவையும் தொடக்கப் புள்ளியிலிருந்தே எடுப்போம். இல்லாவிட்டால் பிழை சேரும். அப்படி எடுத்ததும் 12, 13 என மாறி மாறி வந்து பொருந்தியது.

ஆனால் தட்டுக்குத் தட்டு வெட்டினால் அலுப்புத் தட்டும். எங்கே வெட்டாமல் விடுவது? அதற்கு என்னிடம் அளவுநாடா இல்லை. ‘காதலன்’ பாட்டுகளை ஒலியில்லாமல் ஓடவிட்டு, வெட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.