எண்டர் தட்டிய பிறகு

"சர்வர் வரலை சார்."

அலுவலகங்களில் கணினிப் பராமரிப்பு பார்த்த 14 ஆண்டுகளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். போய்ப் பார்த்தால் சர்வர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஒருவருக்கு மேசைக்கு அடியில் நெட்வொர்க் கேபிள் கழன்றிருக்கும். இன்னொருவருக்குப் பாஸ்வேர்டு நேற்றோடு காலாவதி ஆகியிருக்கும். மூன்றாமவரின் கணினியில் தேதி தப்பாக இருக்கும். நான்காமவருக்கு அந்த ஃபோல்டரைத் திறக்க அனுமதியே கொடுத்திருக்க மாட்டார்கள். நான்குக்கும் தீர்வு வேறு வேறு. ஆனால் நான்கு பேரும் சொல்வது அதே மூன்று சொற்கள்.

லாகின் செய்யும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், எது எங்கே தடைபட்டது என்பதை நீங்களே சொல்லிவிடலாம். பெரும்பாலான அலுவலகங்களில் இருப்பது விண்டோஸ் டொமைன் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

பாஸ்வேர்டு கணினியைத் திறக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், "நான் இன்னார்" என்று நீங்கள் சொல்வதற்கு அது சாட்சி. எந்த ஃபோல்டர் உங்கள் கண்ணில் படும், எதைத் திருத்தலாம், எதை அழிக்கலாம், யார் அழித்தார் என்று பிறகு எந்தப் பெயர் பதிவாகும் என எல்லாமே அந்த "இன்னார்" என்பதை வைத்துத்தான் முடிவாகின்றன.

இந்த வேலையில் மூன்று கணினிகளுக்குப் பங்கு உண்டு. ஒன்று உங்கள் மேசையில் இருப்பது. இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர். அலுவலகத்தில் யார் யார் இருக்கிறார்கள், எந்தெந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்ற பதிவேடு அதனிடம்தான் இருக்கிறது. ஆக்டிவ் டைரக்டரி என்ற பெயரில் இந்தப் பதிவேடு விண்டோஸ் 2000-உடன் வந்தது. மூன்றாவது ஃபைல் சர்வர், அதாவது ஃபைல்கள் உண்மையில் கிடக்கும் இடம். சிறிய அலுவலகத்தில் கடைசி இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கலாம். அப்போதும் இரண்டின் வேலையும் தனித்தனிதான்.

யூசர் நேம் அடிக்கும் இடத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு பெயர் தெரியும். பெரும்பாலோர் அதைப் பார்ப்பதே இல்லை. யாருடைய பதிவேட்டில் உங்களைத் தேடப்போகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. அங்கே அலுவலக டொமைனின் பெயர் இருந்தால் சரி. உங்கள் கணினியின் பெயரே இருந்தால், அந்தக் கணினிக்குள் மட்டும் உள்ள கணக்குகளில் தேடும். சரியான பாஸ்வேர்டைப் பத்து முறை அடித்தாலும் "தவறு" என்றே பதில் வரும். டொமைன் பெயர், பின்சாய்ந்த கோடு, யூசர் நேம் என்ற வரிசையில் அடித்தால் இந்தக் குழப்பம் தீரும்.

எண்டர் தட்டியதும் உங்கள் கணினி முதலில் டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று விசாரிக்கிறது. விசாரிக்கும் இடம் அலுவலகத்தின் டிஎன்எஸ் சர்வர். "நெட் வருது, சர்வர் மட்டும் வரலை" என்ற புகாருக்கு அடிக்கடி காரணம் இங்கேதான் இருக்கிறது. இணையம் மெதுவாக இருக்கிறது என்று யாரோ ஒருவர் டிஎன்எஸ் முகவரியை மாற்றி, கூகுளுடைய 8.8.8.8-ஐப் போட்டுவிட்டுப் போயிருப்பார். உலகத்தில் உள்ள தளங்களையெல்லாம் அது காட்டிக்கொடுக்கும். உங்கள் அலுவலகத்துக்குள் இருக்கும் சர்வரைப் பற்றி அதற்கு எப்படித் தெரியும்?

அடுத்து நடப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உங்கள் பாஸ்வேர்டு கேபிள் வழியாகப் போவதே இல்லை. நீங்கள் அடித்த பாஸ்வேர்டிலிருந்து உங்கள் கணினி ஒரு ரகசியச் சாவியை உருவாக்குகிறது. அதைக் கொண்டு அந்த நொடியின் நேரத்தைப் பூட்டி டொமைன் கன்ட்ரோலருக்கு அனுப்புகிறது. பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே உள்ள சாவியால் கன்ட்ரோலர் அதைத் திறந்து பார்க்கிறது. திறந்தால் பாஸ்வேர்டு சரி. உள்ளே இருக்கும் நேரமும் தன் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்குள் ஒத்துப்போக வேண்டும் என்பது வழக்கமான அமைப்பு. பழைய செய்தியை எவரேனும் ஒட்டுக்கேட்டு வைத்திருந்து மறுபடி அனுப்பி ஏமாற்றாமலிருக்க இந்த ஏற்பாடு. மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினி, மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் தேதியை மறந்துவிடும். அப்படிப்பட்ட கணினியில் லாகின் தகராறு வந்தால் முதலில் திரையின் ஓரத்தில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள்.

சோதனை முடிந்ததும் கன்ட்ரோலர் உங்களுக்கு ஒரு டிக்கெட் தருகிறது. இந்த முறையை வடிவமைத்தவர்களே அதற்கு வைத்த பெயர்தான் டிக்கெட். வழக்கமான அமைப்பில் அது பத்து மணி நேரம் செல்லும். அதைக் காட்டி, தேவைப்படும் ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனி டிக்கெட்டை உங்கள் கணினி ஓசையில்லாமல் வாங்கிக்கொள்கிறது. ஃபைல் சர்வர் பார்ப்பது அந்த டிக்கெட்டை மட்டும்தான். உங்கள் பாஸ்வேர்டு என்னவென்று அதற்குக் கடைசிவரை தெரியாது. காலையில் ஒருமுறை பாஸ்வேர்டு அடித்தால் நாள் முழுவதும் யாரும் திரும்பக் கேட்காததன் காரணம் இதுதான். 1983-இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் தொடங்கிய அதீனா என்ற திட்டத்தில் உருவானது இந்த முறை. பாதாள உலக வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் கிரேக்கப் பெயரால் அதைக் கெர்பரோஸ் என்று அழைத்தார்கள்.

அந்த டிக்கெட்டில் உங்கள் பெயரோடு, நீங்கள் எந்தெந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்பதும் எழுதியிருக்கும். அலுவலகத்தில் பெரிய குழப்பம் வருவது இங்கே. ஒரு ஃபோல்டருக்கு அனுமதி கேட்டிருப்பீர்கள். மதியம் மூன்று மணிக்கு ஐடி பிரிவினர் "குழுவில் சேர்த்தாச்சு, பாருங்க" என்பார்கள். பார்த்தால் பழைய மறுப்பே வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. காலையில் வாங்கிய டிக்கெட்டில் பழைய குழுக்கள்தான் இருக்கின்றன. முழுதாக லாக் ஆஃப் செய்து திரும்ப உள்ளே வந்தால்தான் புதிய டிக்கெட்டில் புதிய குழு ஏறும். திரையை லாக் செய்து திறப்பதை இதற்கு நம்ப வேண்டாம்.

அனுமதியைப் பற்றி இன்னொன்று. ஃபைல் சர்வரில் அது இரண்டு அடுக்கு. வெளியிலிருந்து அந்த ஃபோல்டருக்குள் வர ஒரு விதி, வட்டில் இருக்கும் ஃபைலைத் தொட ஒரு விதி. இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். உள்ளே திருத்தும் உரிமை கொடுத்திருந்தாலும், வெளி விதி "படிக்க மட்டும்" என்றால் படிக்க மட்டும்தான்.

எஸ் டிரைவ், இசட் டிரைவ் என்பவை வெறும் செல்லப்பெயர்கள். சர்வரின் பெயர், ஃபோல்டரின் பெயர் என்று நீளமாக இருக்கும் முகவரிக்கு உங்கள் கணினி வைத்துக்கொண்ட ஒற்றை எழுத்து, அவ்வளவே. ஏ, பி இரண்டும் ஃப்ளாப்பிக்குப் போன காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. உங்கள் எஸ் வேறு, பக்கத்துப் பிரிவின் எஸ் வேறாக இருக்கலாம். அதனால் "எஸ்-ல போட்டிருக்கேன்" என்று கடிதம் எழுதாமல் முழு முகவரியை எழுதுங்கள். காலையில் அந்த எழுத்தின் மீது சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தால் பதற வேண்டியதில்லை. நெட்வொர்க் தயாராகும் முன்பே விண்டோஸ் எட்டிப் பார்த்திருக்கும். ஒருமுறை இரட்டைச் சொடுக்குச் செய்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

வராவிட்டால்? "உள்ளேயே வந்துட்டேன், அப்புறம் ஏன் டிரைவ் மட்டும் வரலை" என்று கேட்பார்கள். உள்ளே வந்ததாலேயே நெட்வொர்க்கை எட்டிவிட்டதாக அர்த்தமில்லை. கடைசியாக அந்தக் கணினியில் லாகின் செய்த பத்துப் பேர் வரை விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும். கேபிளே இல்லாவிட்டாலும் அந்த நினைவை வைத்து உள்ளே விடும். மடிக்கணினியை வீட்டில் திறக்க முடிவது இதனால்தான். அதே மடிக்கணினி அலுவலகத்தில் வைஃபை பிடிக்காமல் இருந்தாலும் டெஸ்க்டாப் வந்துவிடும், டிரைவ் வராது.

பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள் கணக்கு அடிக்கடி பூட்டிக்கொள்கிறதா? உங்கள் கைப்பேசியிலோ வேறொரு கணினியிலோ பழைய பாஸ்வேர்டு சேமித்து வைக்கப்பட்டிருக்கும். அது விடாமல் பழையதையே அனுப்பிக்கொண்டிருக்கும். ஐடி பிரிவு பூட்டைத் திறந்துவிட்டாலும் அரை மணியில் மறுபடி பூட்டிக்கொள்ளும். கைப்பேசியில் அலுவலக மின்னஞ்சலின் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள்.

பழைய ஸ்கேனர் ஒரு நாள் திடீரென்று ஃபோல்டருக்கு ஃபைல் அனுப்புவதை நிறுத்திவிடும். ஃபைல் சர்வரோடு பேசும் எஸ்எம்பி என்ற மொழியின் முதல் பதிப்பு மட்டுமே அந்த ஸ்கேனருக்குத் தெரியும். 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகெங்கும் கணினிகளை முடக்கியது அந்தப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதனால் சர்வரில் அந்தப் பதிப்பை நிறுத்திவைப்பது சரியான முடிவு. "எனக்காக ஆன் பண்ணிக் கொடுங்க" என்று வற்புறுத்தாதீர்கள்.

ஃபைலை அழிக்கும்போது நிறுத்தி யோசியுங்கள். சர்வர் ஃபோல்டரில் அழித்தது உங்கள் ரீசைக்கிள் பின்னுக்கு வராது. சர்வரில் பழைய பிரதிகளை எடுத்துவைக்கும் வசதியைப் போட்டிருந்தால், ஃபோல்டரின் மேல் வலச்சொடுக்கு செய்து முந்தைய பதிப்புகளைப் பார்க்கலாம். அதற்கென்று ஒதுக்கிய இடம் நிரம்ப நிரம்ப, பழைய பிரதிகள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டே வரும். எனவே தவறு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பாஸ்வேர்டு ஏன் பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1960களின் தொடக்கத்தில் அதே எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்தது. ஒருவரின் ஃபைல் இன்னொருவர் கைக்குப் போகாமலிருக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு தேவைப்பட்டது. அந்த அமைப்பிலேயே ஒரு நாள் விபரீதம் நடந்தது. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இரண்டு ஃபைல்களைத் திருத்தினார்கள். எடிட்டர் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிக ஃபைல் வைத்ததால் இரண்டும் இடம் மாறின. அதன்பின் லாகின் செய்த ஒவ்வொருவருக்கும், அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டும் கொட்டியது. இன்று எக்செல் ஃபைலைத் திறக்கும்போது "இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார்" என்று தடுக்கிறதே, இப்படிப்பட்ட மோதலைத் தவிர்க்கத்தான். தொல்லை என்று நினைத்து வேறு பெயரில் நகல் எடுத்து வேலை செய்யாதீர்கள். மாலையில் இரண்டு ஃபைல்களில் எது சரி என்று யாருக்கும் தெரியாது.

எல்லோரும் ஒரே பெயரில் லாகின் செய்யும் அலுவலகத்தில், அந்த "இன்னார்" என்ற இடத்தில் தெரியும் பெயரால் யாருக்கு என்ன பயன்?

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கணக்குப் பிரிவு முழுவதற்கும் ஒரே லாகின்தான். பாஸ்வேர்டு மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். மார்ச் கடைசி வாரத்தில் வவுச்சர்கள் இருந்த ஃபோல்டர் காணாமல் போனது. சர்வர் பதிவில் பார்த்தோம். யார் செய்தது என்ற கேள்விக்கு அதில் இருந்த பதில் பிரிவின் பெயர் மட்டுமே. மூன்று வாரம் முன்பு சேர்ந்த பெண் மீது சந்தேகம் விழுந்தது. "புதுசு, தெரியாம அழிச்சிருக்கும்" என்றார்கள். அவள் அழுதாள். இரண்டு நாள் கழித்து அந்த ஃபோல்டர் பக்கத்து ஃபோல்டருக்குள் கிடைத்தது. யாரோ மவுஸை அழுத்தியபடி இழுத்துவிட்டிருக்கிறார்கள், மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அவளாகவும் இருக்கலாம், இருபது வருடம் அனுபவம் உள்ளவராகவும் இருக்கலாம். அவளிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. தன் பெயரில் தனி லாகின் இருந்திருந்தால், அவள் செய்யவில்லை என்பதை, அல்லது செய்தாள் என்பதை, ஐந்து நிமிடத்தில் காட்டியிருக்கலாம்.

லாகின் என்பது அலுவலகம் நம்மைக் கண்காணிக்கும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, அது ஊழியருக்கே பெரிய பாதுகாப்பு. அதனால்தான் பாஸ்வேர்டைக் கொடுப்பதும் வாங்குவதும் எனக்குப் பொறுக்காது. இன்னொருவரின் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. விடுப்பில் போகும்போது சக ஊழியருக்கு உங்கள் ஃபைல் வேண்டுமென்றால், அந்த ஃபோல்டருக்கு அவர் பெயரில் அனுமதி கேளுங்கள். ஐடி பிரிவுக்கு அது இரண்டு நிமிட வேலை.

உங்கள் பிரிவில் இன்னும் பொது லாகின்தான் இருக்கிறதென்றால், நாளைக்கே ஒரு கடிதம் எழுதி உங்கள் பெயரில் ஒன்று கேட்டு வாங்குங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.