இரத்தக் குழாயும் இழைமணிகளும்

பல்லாண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காலில் ஒரு புண் ஆறாமல் நிற்கும்போது, "இதுவரை வலியே இல்லையே" என்று குடும்பத்தார் திகைக்கின்றனர். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பகுதிகளில் நாள் முழுவதும் லாரியில் அமர்ந்தே பணிபுரிவோரின் இல்லத்தார் இதனைக் கவனிக்க வேண்டும்.

இரத்தக் குழாயின் உட்சுவரில் ஒரே செல் அடுக்காக மெல்லிய படலம் பரவியுள்ளது. அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. இரத்தம் உறையாமலும் காக்கிறது.

அச்செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா எனப்படும் இழைமணிகள் உள்ளன. செல்லின் ஆற்றல் நிலையம் என்று பள்ளியில் படித்திருப்போம். அவை உருவாக்கும் ஏ.டி.பி. மூலக்கூறை 1929-இல் கண்டறிந்தவர்களுள் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகடா சுப்பாராவும் ஒருவர். குழாய்ப் படலத்திலோ நிலை சற்று வேறு. ஓயாது துடிக்கும் இதயத் தசைச் செல்லில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழைமணிகளே. படலச் செல்லில் நூற்றுக்கு 2 முதல் 6 பங்குதான். அங்கு அவை அடுப்பாக இருப்பதைவிட எச்சரிக்கை மணியாகவே மிகுதியும் பணிபுரிகின்றன.

இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது, இச்செல்களால் அதனை வாசலில் தடுத்து நிறுத்த இயலாது. விறகு திணித்த அடுப்பு புகைவதைப்போல, இழைமணிகளிலிருந்து கேடு விளைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் மிகுதியாக வெளிப்பட்டு நைட்ரிக் ஆக்சைடை அழிக்கின்றன. குழாய் விறைக்கிறது, கொழுப்பு படிகிறது. பீடி, சிகரெட் புகையும் இதே கேட்டைச் செய்கிறது. இவற்றுள் எதுவும் தொடக்கத்தில் வலிப்பதில்லை.

அம்மூலக்கூறுகளை அடக்கும் சத்து மாத்திரைகளை வாங்கி உண்டால் போதாதா? கேட்கத்தக்க கேள்விதான். 2000-ஆம் ஆண்டில் வெளியான 'ஹோப்' ஆய்வில், இதய நோய் அபாயம் மிகுந்த 9,000-க்கும் மேற்பட்டோர் சுமார் நான்கரை ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். வைட்டமின் ஈ உண்டவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை. அதே ஆய்வில் ராமிப்ரில் என்னும் இரத்த அழுத்த மருந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் இறப்பையும் குறைத்தது. எவருக்கு எம்மருந்து என்பதை மருத்துவரே முடிவு செய்வார். எழுதித் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு விளம்பரச் சத்து மாத்திரைக்குப் பணம் செலவிடுதல் வீண்.

நடைப்பயிற்சி தசைகளில் இழைமணிகளைப் பெருக்குகிறது. விரைந்தோடும் இரத்தம் படலத்தைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கச் செய்கிறது. தேநீருக்கு வண்டியை நிறுத்தும் ஓட்டுநர்கள் பத்து நிமிடம் நடக்கலாம். காலில் புண்ணோ மரத்துப்போன உணர்வோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே நடக்கத் தொடங்குக.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. நெடுந்தொலைவு செல்வோர் புறப்படுமுன் மாத்திரை எத்தனை நாளுக்கு வரும் என்று எண்ணிப் பார்த்து எடுத்துச் செல்லுங்கள்.