காற்றுக்கும் உண்டு கணக்கு

திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எஸ்.எம்.வி. பள்ளி. கேரள மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பல ஆண்டுகளாகக் காற்றை அளந்து வரும் இடங்களில் இதுவும் ஒன்று. அந்த வழியே தினமும் பஸ் பிடிக்க ஓடும் தமிழ்த் தொழிலாளரிலும் குமாஸ்தாக்களிலும் பலருக்கு இது தெரிந்திருக்காது.

அளக்கும் முறை எளிது. ஒரு வடிகட்டித் தாளை முதலில் எடை போட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். அதைக் கருவியில் பொருத்தி, அதன் வழியே பல மணி நேரம் காற்றை இழுக்கிறார்கள். பிறகு அதே தாளை மீண்டும் நிறுக்கிறார்கள். கூடியிருக்கும் எடைதான் காற்றில் இருந்த தூசி. வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் ஆண்டுக்கு 104 முறை இப்படி அளக்கவேண்டும் என்பது 1984-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் விதி. இது தவிர, பிளாமூட்டிலும் காரியவட்டத்திலும் தானாகவே அளக்கும் நிலையங்கள் உள்ளன.

2009-ல் மத்திய அரசு நிர்ணயித்த வரம்பின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் பொடித்தூசி 24 மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. நுரையீரலின் ஆழம் வரை செல்லும் நுண்தூசிக்கு வரம்பு 60.

இரண்டாவது பேரேடு

இது இருப்புக் கணக்கு. காற்றில் எவ்வளவு மாசு இருக்கிறது என்று சொல்லும். அதை விட்டது யார் என்று சொல்லாது. அதற்கு வேறொரு பேரேடு வேண்டும். எந்த ஆலை, எந்த வாகனம், எந்த அடுப்பு எத்தனை டன் புகை விட்டது என்பதைக் காட்டும் வெளியேற்றக் கணக்கு அது.

பெரிய ஆலைகளுக்கு இது சுலபம். அதிக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியிலேயே ஓயாமல் அளக்கும் கருவியைப் பொருத்தவேண்டும் என்று 2014-ல் மத்திய வாரியம் உத்தரவிட்டது. ஆண்டுதோறும் ஐந்தாம் எண் படிவத்தில் கணக்கு எழுதி மாநில வாரியத்துக்கு அனுப்பும் விதி 1992-லேயே வந்துவிட்டது.

லாரிகளை எப்படிக் கணக்கிடுவது? ஒவ்வொன்றின் பின்னாலும் ஆள் ஓட முடியாது. பெருக்கல் வாய்ப்பாடுதான் கைகொடுக்கிறது. ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிராம். 2020 ஏப்ரல் முதல் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அதன்படி ஒரு லிட்டரை எரித்தால் அதிகம் போனால் 17 மில்லிகிராம் கந்தக டையாக்சைடு வரும். விற்பனையான லிட்டரால் பெருக்கினால் மொத்தம் கிடைத்துவிடும். அதற்கு முன்பு வரம்பு 50 பங்கு. அதாவது ஐந்து மடங்கு.

புகை எந்த இடத்தில் வெளியேறுகிறதோ அந்த இடத்தின் கணக்கில்தான் ஏறும். கேரளம் பயன்படுத்தும் மின்சாரத்தில் நெய்வேலியின் பங்கும் உண்டு. விளக்கு சாலை பஜாரில் எரிகிறது; அதற்கான புகை தமிழ்நாட்டின் பக்கத்தில் எழுதப்படுகிறது.

யாருக்குக் கணக்குக் காட்டுவது?

ஐரோப்பாவில் ஒரு நாட்டுப் புகை மறுநாட்டு ஏரிகளில் அமில மழையாகப் பெய்தது. அதனால் 1979-ல் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். உறுப்பு நாடுகள் கந்தகம், நைட்ரஜன் புகைகளின் கணக்கை ஆண்டுதோறும் சமர்ப்பிக்கின்றன. இந்தியா அதில் சேரவில்லை.

ஆனால் பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் கணக்கை இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்து வருகிறது. முதல் அறிக்கை 2004-ல் போயிற்று. 2024 டிசம்பரில் அனுப்பிய அறிக்கையின்படி, 2020-ஆம் ஆண்டில் நாடு வெளியேற்றியது கரியமில வாயு அளவில் 295.9 கோடி டன். காடுகளும் நிலமும் உறிஞ்சியதைக் கழித்தால் 243.7 கோடி டன். தூசிக்கும் கந்தகப் புகைக்கும் இப்படி ஆண்டுதோறும் உலகத்தின் முன் கணக்கு வைக்கும் கட்டாயம் நமக்கு இல்லை.

ஏட்டில் ஏறாத புகை

திருவனந்தபுரம் நகரக் குப்பையைப் பதப்படுத்தி வந்த விளப்பில்சாலை ஆலை, ஊர் மக்களின் எதிர்ப்பால் 2011-ல் மூடப்பட்டது. அதன்பின் தெருவோரம் குப்பை கொளுத்துவது பெருகியது. இந்தப் புகைக்குப் புகைபோக்கி கிடையாது, படிவம் கிடையாது, விற்பனை ரசீதும் கிடையாது. இத்தனை பேர், இவ்வளவு குப்பை, அதில் இவ்வளவு எரிந்திருக்கும் என்று ஊகித்து எழுதுவதுதான் வழி. 2023 மார்ச் 2-ல் கொச்சி பிரம்மபுரம் குப்பைமேடு பற்றியபோதுதான், எரியும் குப்பையின் புகை எப்படியிருக்கும் என்று மாநிலம் முழுவதும் கண்டது.

விடியற்காலையில் அந்தப் புகையின் நடுவே நிற்பவர்கள் யார்? சாலை பஜாரில் மூட்டை இறக்குபவர், தெரு பெருக்குபவர், தள்ளுவண்டியில் இட்லி விற்பவர். இவர்களில் தமிழர் பலர். ஆலைப் புகை குறைந்தால் அது கணக்கில் தெரியும். இவர்கள் சுவாசிக்கும் புகை கூடினாலும் குறைந்தாலும் ஏட்டில் பெரிதாக மாற்றம் தெரியாது. கணக்கில் வராத கடனை யாரும் அடைப்பதில்லை.

வெளியில் குப்பை கொளுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-ல் உத்தரவிட்டிருக்கிறது. தெருமுனையில் குப்பை எரிந்தால் இடம், நாள், நேரம் குறித்துக் கார்ப்பரேஷனுக்கு ஒரு புகார் எழுதிக் கொடுக்கலாம். தமிழ்க் குடியிருப்புகளின் சங்கங்கள் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்வது நல்லது. புகார் போனதும் புகை அடங்கிவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் எங்கே, எத்தனை முறை எரிந்தது என்பதற்கு ஒரு வரியாவது பதிவாகும். அடுத்த முறை கணக்கு எழுத உட்காருகிறவர், அந்தத் தெருவை வெறும் ஊகத்தில் விட்டுவிட முடியாது.