கண்ணாடியில் மோதிய ஈப்பிடிப்பான்

போன அக்டோபரில் ஒரு காலை. சிங்கப்பூரில் என் அலுவலகக் கட்டடத்தின் கண்ணாடிச் சுவருக்குக் கீழே சின்னப் பறவை ஒன்று செத்துக் கிடந்தது. "ஏதோ குருவி தம்பி. இந்த மாசம் வந்தாலே இப்படித்தான்" என்றார் துப்புரவு வேலை பார்க்கும் அண்ணன்.

முன்பென்றால் நானும் குருவி என்று சொல்லிவிட்டு லிஃப்ட் ஏறியிருப்பேன். அன்று முடியவில்லை. அது பழுப்பு ஈப்பிடிப்பான்.

முன்பு கல்லறைத் தோட்டமாக இருந்த பிடாடாரியில் இப்போது பூங்கா இருக்கிறது. இந்தப் பறவையை நான் பார்க்கப் பழகியது அங்கேதான். உடம்பு 13 செ.மீ. நீளம்தான். மேலே பழுப்பு, கீழே அழுக்கு வெள்ளை. பளிச்சென்று எதுவும் கிடையாது. முகத்தைத்தான் பார்க்க வேண்டும். பெரிய கருவிழி, அதைச் சுற்றி வெள்ளை வளையம், அகன்ற அலகு. கீழலகின் அடிப்பாகம் மஞ்சளாக இருக்கும். இதே சாயலில் இன்னொரு ஈப்பிடிப்பானும் வரும். அதற்கு மார்பிலும் விலாவிலும் புகை படிந்த மாதிரி கருமை இருக்கும், அலகும் பெரும்பாலும் கறுப்பு.

இதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை. வெறும் கொம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். சட்டென்று பாய்ந்து பூச்சியைப் பிடிக்கும், பெரும்பாலும் அதே கொம்புக்கே திரும்பி வரும். நாம் கொம்பைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றால் போதும். எனக்கு முதல் தடவை அரை மணி நேரம் பிடித்தது.

சைபீரியா, வடகிழக்குச் சீனா, ஜப்பான் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன் தெற்கே கிளம்புகிறது. சில இங்கே வருகின்றன. சில நம்ம ஊர் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும்கூடப் போகின்றன. பயணம் பெரும்பாலும் ராத்திரியில். நகரத்து வெளிச்சம் அவற்றைத் திசை திருப்பி இழுக்கிறது. விடிந்த பிறகு கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜ மரம் என்று நம்பி மோதுகின்றன.

யாரைக் குறை சொல்வது? ராத்திரி ரிலீஸ் முடிந்ததும் மாடி முழுக்க விளக்கை எரியவிட்டுக் கிளம்புகிறவர்கள் என்னைப் போன்ற ஐடி ஆட்கள்தான். கட்டட நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் போட்டேன், பதில் வரவில்லை. எங்கள் மாடியில் மட்டும் இப்போது கடைசியாகக் கிளம்புகிறவர் விளக்கை அணைத்து, திரையை இறக்கிவிட்டுப் போகிறார். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த அக்டோபரில் உங்கள் அலுவலகத்திலும் செய்து பாருங்களேன். அத்தனை தூரம் பறந்து வந்த உயிர் நம்ம சுவரில் முட்டிச் சாக வேண்டாம்.