யானை எங்கே நிற்கிறது?

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. 1890-களிலிருந்து காட்டை வெட்டிப் போட்ட எஸ்டேட்டுகள், இன்று சுமார் 220 சதுர கிலோமீட்டருக்குத் தேயிலையும் காப்பியுமாகப் பரந்து கிடக்கின்றன. சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக யானைக்கு வழி தோட்டத்துக்குள்தான். ஆகவே ‘யானை ஊருக்குள் புகுந்தது’ என்ற வழக்கமான தலைப்பு இங்கே பாதிதான் உண்மை.

தேயிலையை யானை தின்னாது. அதை இழுப்பது அரிசி வாசனை. ரேஷன் கடைக் கதவும் சத்துணவுக்கூடச் சுவரும் அடிக்கடி இடிபடுவது அதனால்தான். ஒட்டினாற்போல் தொழிலாளர்களின் லயன் வீடு இருந்தால் அதற்கும் சேதம். வேட்டுப் போட்டு விரட்டினால் கூட்டம் சிதறுகிறது. எந்த யானை எந்தப் பக்கம் போனது என்று யாருக்கும் தெரியாத அந்த இரவுதான் மிக ஆபத்தானது.

நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் இந்த யானைகளைப் பின்தொடர்ந்து பதிவு செய்தார்கள். அதில் தெரிந்தது எளிய விஷயம்: யானை தாக்கி இறந்தவர்களில் பெரும்பாலோர், அது அங்கே நிற்பதே தெரியாமல் எதிரே போய்விட்டவர்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, இருட்டில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே வீட்டுக்கு நடப்பவருக்குப் பத்தடி முன்னால் நிற்கும் யானைகூடக் கண்ணில் படாது.

அப்படியென்றால் தேவை வேலியா, தகவலா? வால்பாறை தகவலைத் தேர்ந்தெடுத்தது. முதலில் உள்ளூர் கேபிள் டிவியில், இன்று எந்த எஸ்டேட் பக்கம் யானை என்று அடிவரியில் ஓடியது. 2011-லிருந்து குறுஞ்செய்தி; படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு. முக்கியமான இடங்களில் உயரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு. அருகில் யானை நின்றால் செல்போனிலிருந்து அழைத்தே அதை எரியவிடலாம். அந்தப் பொறுப்பைக் குடியிருப்புக்காரர்களே ஏற்றதுதான் இதில் கெட்டிக்காரத்தனம் என்பேன். தூரத்து அலுவலகம் எரிய வைக்கும் விளக்கை யார் நம்புவார்கள்? உயிரிழப்பு அடியோடு நிற்கவில்லை. ஆனால் முன்பைவிடத் தெளிவாகக் குறைந்தது.

யானையைக் காப்பாற்றுவது பற்றிய கட்டுரையில் மனிதர் பாதுகாப்பு எதற்கு என்று கேட்கலாம். ஆசிய யானைகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான் வாழ்கின்றன, அவற்றில் பல காப்பக எல்லைக்கு வெளியேயும் நடமாடுபவை. பக்கத்தில் குடியிருப்பவர் பொறுத்துக்கொண்டால்தான் அவற்றுக்கு வழி. இழந்தால் ஈடு செய்வதும் கடினம்: ஒரு குட்டிக்குச் சுமார் 22 மாதச் சினைக்காலம், அடுத்த குட்டிக்கு நாலைந்து வருட இடைவெளி. இழப்பு யானையோடு நிற்காது. நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்று, பல கிலோமீட்டர் தள்ளிச் சாணத்தில் விதை போடும் வேலையைப் பெரிய கொட்டையுள்ள மரங்களுக்கு வேறு எந்த விலங்கு அந்த அளவில் செய்யும்?

வால்பாறையில் மிச்சமிருப்பவை சின்ன வேலைகள். நடு ஆறு, சோலையாறு ஓரத்து மரங்களை வெட்டாமல் விட வேண்டும்; பகலில் யானைகள் ஒதுங்குவது அங்கேதான். ரேஷன் அரிசியைக் குடியிருப்பிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். எஸ்டேட்டுகளில் இப்போது வட மாநிலத் தொழிலாளர்கள் நிறையப் பேர் கொழுந்து பறிக்கிறார்கள். அந்தக் குரல் அழைப்பு அவர்கள் மொழியிலும் போக வேண்டும்.